இணைய விதி வரைவு வந்தால் என்ன செய்வது? முதல்முறை கருத்து எழுதுபவருக்கு ஒரு கையேடு

தில்லியிலிருந்து வரும் இணைய வரைவுகளுக்கு வெள்ளிக்கிழமை மீது தனிப் பிரியம் உண்டு. எல்லா இணையதளங்களையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை பற்றி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட முதல் கலந்தாய்வுத் தாள் 2015 மார்ச் 27. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவு 2022 நவம்பர் 18. அந்தச் சட்டத்துக்கான விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3. மூன்றும் வெள்ளிதான். திங்கட்கிழமை செய்தித்தாளில் விஷயம் கண்ணில் படும்போது மூன்று நாள் போயிருக்கும். முப்பது நாள் அவகாசத்தில் அது பத்தில் ஒரு பங்கு.

அப்படி ஒரு வரைவு வந்ததும் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை வக்கீலோ மென்பொருள் ஆளோ அல்லாத ஒருவருக்காக இங்கே எழுதியிருக்கிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி உங்கள் கோபத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. விதி எண், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, அந்த இடத்தில் என்ன வாசகம் இருக்க வேண்டும் என்ற மூன்றும் உள்ள ஒரு பத்தியைக் கொடுத்தால், அதை அப்படியே வெட்டிக் குறிப்பில் ஒட்ட முடியும். மீதி எல்லாம் அந்தப் பத்தியை உருவாக்குவதற்கான வேலைதான்.

யாருடைய வரைவு என்று பாருங்கள்

தவறான கதவைத் தட்டுவதில் வீணாகும் உழைப்பு கொஞ்சமல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம், தரவுப் பாதுகாப்பு, இணையதளங்களை முடக்கும் 69ஏ பிரிவு எல்லாம் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கையில். செய்தித் தளங்கள், ஓடிடி தொடர்பான நெறிமுறைகள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில். தொலைத்தொடர்புச் சட்டம் 2023, உரிமங்கள், இணைய முடக்க விதிகள் தொலைத்தொடர்புத் துறையிடம். ஒரு மாநிலத்துக்குள் இணையத்தை முடக்க உத்தரவிடுபவர் மாநில உள்துறைச் செயலர்.

டிராய்க்கு இரண்டு முகம் உண்டு. கட்டணம், சேவைத் தரம் ஆகியவற்றில் அதுவே ஒழுங்குமுறை போடலாம். உரிம நிபந்தனை போன்றவற்றில் பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். முடிவு தொலைத்தொடர்புத் துறையுடையது. இது புரிந்தால் ஒரு பழைய புதிர் அவிழும். இணையதளத்துக்கு இணையதளம் வேறு கட்டணம் வாங்கலாமா என்று 2015 டிசம்பர் 9 அன்று டிராய் கேட்டது. 2016 பிப்ரவரி 8 அன்று ‘கூடாது’ என்று ஒழுங்குமுறையே வந்துவிட்டது. இரண்டே மாதம். ஆனால் இணையச் சமநிலையின் மற்ற அம்சங்களைப் பற்றி 2017 நவம்பரில் டிராய் கொடுத்த பரிந்துரைக்குத் துறையின் ஒப்புதல் கிடைக்க 2018 ஜூலை ஆயிற்று. ஆகவே டிராய் தாளில் ‘பரிந்துரை’ என்று இருந்தால், உங்கள் கருத்தின் ஒரு பிரதியைத் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்பி வையுங்கள்.

முதல் நாள் வேலைகள்

வரைவின் பி.டி.எஃப்., அதோடு வந்த விளக்கக் குறிப்பு, பத்திரிகைக் குறிப்பு மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுங்கள். அரசுத் தளங்கள் வடிவம் மாறும்போது பழைய இணைப்புகள் செத்துப்போகும். ஆறு மாதம் கழித்து ‘வரைவில் இப்படித்தான் இருந்தது’ என்று காட்ட உங்களிடம் ஆதாரம் வேண்டும். 2015 செப்டம்பரில் வெளியான மறையாக்கக் கொள்கை வரைவு, மறையாக்கம் செய்த (பிறர் படிக்க முடியாதபடி மாற்றிய) செய்திகளின் மூலப் பிரதியைப் பயனர்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் திரும்பப் பெறப்பட்டது. அன்றே இறக்கி வைத்தவர்களிடம்தான் அது மிஞ்சியது.

அடுத்து, கடைசித் தேதி. நாட்காட்டியில் அதைக் குறிக்காதீர்கள். அதற்கு மூன்று நாள் முந்தைய தேதியைக் குறியுங்கள். கடைசி நாளில் தளம் திணறும், ஓடிபி வராது. அவகாசம் நீட்டிக்கப்படுவது வாடிக்கைதான். தரவுப் பாதுகாப்பு விதிகளுக்கு முதலில் 2025 பிப்ரவரி 18 என்றார்கள், பிறகு மார்ச் 5 என்றார்கள். ஆனால் நீட்டிப்பை நம்பி உட்கார்ந்திருப்பது, பஸ் எப்படியும் தாமதமாகத்தான் வரும் என்று வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்புவது மாதிரி.

அவகாசம் 30 நாளுக்குக் குறைவாக இருந்தால் அதையே முதல் கடிதமாக எழுதுங்கள். 2014இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும், எளிய விளக்கக் குறிப்பு இணைக்க வேண்டும், அடிப்படை உரிமைகள் மீதான விளைவையும் செலவையும் சொல்ல வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்கிறது. அப்படிச் செய்ய இயலாவிட்டால் காரணத்தை அமைச்சரவைக் குறிப்பில் பதிய வேண்டும். இது நிர்வாக முடிவு மட்டுமே; மீறினால் வரைவு தானாகச் செல்லாததாகிவிடாது. ஆனாலும் இதைப் பெயர் சொல்லிக் கேட்ட கடிதம் கோப்பில் கிடக்க வேண்டும்.

வரைவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வரும். தமிழில் வேண்டும் என்று கேட்பதற்கு வலுவான முன்னுதாரணம் இணையத்துறையில் இல்லை, சுற்றுச்சூழல் துறையில் இருக்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிட தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதை மேற்கோள் காட்டி இரண்டு பத்தி எழுதினால் போதும். நீங்கள் தமிழில் எழுதலாமா என்ற கேள்விக்கு அரசமைப்பின் 350ஆம் பிரிவு துணை நிற்கும்: குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க எவருக்கும் உரிமை உண்டு. நடைமுறையில், தமிழில் முழுக் கருத்து, முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் பத்து வரிச் சுருக்கம் என்று வைப்பது நல்லது. படிக்காமலே ஒதுக்க ஒரு சாக்கு குறையும்.

படிக்கும் முறை

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க வேண்டாம். முதலில் வரையறைகள். ஒரு சொல்லின் வரையறையை அகட்டினால் சட்டமே அகன்றுவிடும். சண்டையில் பாதி அங்கேதான் இருக்கிறது. பிறகு விதிவிலக்குகள்: யாருக்கு இது பொருந்தாது? தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரம் 17ஆம் பிரிவில், கிட்டத்தட்ட சட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்தது தண்டனை, காலக்கெடு. கடைசியாக அட்டவணைகள்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இந்தக் கடைசி இடத்தில். விதியை உருகி உருகிப் படித்துவிட்டு அட்டவணையைப் புரட்டாமல் எழுதிவிடுவார்கள். தரவுப் பாதுகாப்பு விதிகளின் நான்காம் அட்டவணை, குழந்தைகள் தொடர்பான சில கட்டுப்பாடுகளிலிருந்து மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் காப்பகம் போன்றவற்றுக்கு நிபந்தனையோடு விலக்கு தருகிறது. ‘பள்ளிகளெல்லாம் மூட வேண்டியதுதான்’ என்று எழுதிய கருத்தை, அட்டவணையைக் காட்டி ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்.

‘வகுத்துரைக்கப்படும் வகையில்’ என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். பின்னால் விதி போட்டுத் தீர்மானித்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் பொருள். வட்டங்கள் அதிகமானால் முடிவெடுக்கும் இடம் நாடாளுமன்றத்திலிருந்து அமைச்சகத்துக்கு நகர்கிறது என்று அர்த்தம்.

விதிகளின் வரைவாக இருந்தால் தாய்ச் சட்டத்தையும் பக்கத்தில் திறந்து வைத்திருக்க வேண்டும். விதி ஒருபோதும் சட்டத்தைத் தாண்ட முடியாது. இந்த ஒரு வாக்கியத்தின் எடையை அடுத்த எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

ஒரு பத்தியை மூன்று முறை எழுதிப் பார்ப்போம்

2025 ஜனவரி வரைவின் 10ஆம் விதியை எடுத்துக்கொள்வோம். 18 வயது நிரம்பாதவர் ஒரு செயலியில் கணக்குத் தொடங்கினால், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தருபவர் வயதுவந்தவர்தானா என்று நிறுவனம் பார்க்க வேண்டும். அதற்கு அந்நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் அடையாள விவரம், அல்லது பெற்றோரே தரும் விவரம், அல்லது அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் போன்ற சேவை வழி கிடைக்கும் மெய்நிகர் டோக்கன் (அடையாளத்தையும் வயதையும் உறுதிசெய்யும் மின்னணுக் குறி) பயன்படலாம்.

முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘இந்த விதி கிராமப்புறக் குழந்தைகளைக் கடுமையாகப் பாதிக்கும். அரசு உடனடியாகத் திரும்பப் பெற வேண்டும்.’ உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்தக் குழந்தை, எப்படிப் பாதிப்பு, மாற்று என்ன என்று இதில் எதுவும் இல்லை. ‘சிலர் விதி 10ஐ எதிர்த்தனர்’ என்ற நான்கு சொற்களாக இது சுருங்கிவிடும்.

இரண்டாவது முயற்சியில் ஒரு ஆள் வருகிறார். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு வயது 17. அப்பாவும் அம்மாவும் வளைகுடாவில். வீட்டில் இருப்பது அப்பத்தா. கைப்பேசி ஒன்றுதான், அதுவும் அப்பத்தா பெயரில். நுழைவுத் தேர்வுப் பயிற்சிச் செயலியில் அந்தப் பெண் கணக்குத் தொடங்க யார் ஒப்புதல் தருவது? ‘ஆகவே விதி 10இல் பெற்றோர் என்பதற்குப் பின் “அல்லது குழந்தையை வளர்த்துவரும் வயதுவந்த உறவினர்” என்று சேர்க்க வேண்டும்’ என்று எழுதுகிறீர்கள். மனதுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் இதுவும் நிற்காது. சட்டத்தின் 9ஆம் பிரிவே பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் என்றுதான் சொல்கிறது. அப்பத்தா சட்டப்படியான பாதுகாவலர் இல்லை. விதியால் அவரைச் சேர்க்க முடியாது. அதிகாரி ‘சட்டத்துக்கு அப்பாற்பட்டது’ என்று எழுதி மூடிவிடுவார், அவர் எழுதுவது சரியாகவும் இருக்கும்.

மூன்றாவது முயற்சி சட்டத்துக்குள் கதவைத் தேடுகிறது. அதே 9ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, சில வகை நிறுவனங்களுக்கோ சில நோக்கங்களுக்கோ நிபந்தனையோடு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. இப்போது எழுதுங்கள்:

‘விதி 10, நான்காம் அட்டவணை. பெற்றோர் வெளிநாட்டிலோ வெளியூரிலோ வேலை செய்ய, தாத்தா பாட்டியிடம் வளரும் மாணவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் உடனிருப்பதில்லை. விதி 10 சொல்லும் வழிகள், பெற்றோரின் அடையாள விவரமோ டிஜிலாக்கர் கணக்கோ அந்தக் கணத்தில் கிடைக்கும் என்று கருதுகின்றன. பரிந்துரை 1: பிரிவு 9(4)இன் கீழ், 16 வயது நிரம்பியவர் பாடம் படிக்கவும் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் மட்டும் பயன்படுத்தும் சேவைகளை, விளம்பரத்துக்குத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு நான்காம் அட்டவணையில் சேர்க்கவும். பரிந்துரை 2: பெற்றோரின் அடையாள ஆவணத்தைச் சரிபார்த்த பின் அதன் பிரதியை நிறுவனம் வைத்திருக்கக் கூடாது என்ற வாசகத்தை விதி 10இல் சேர்க்கவும்.’

சுமார் எழுபது சொல். ஆள் இருக்கிறார், பிரிவு எண் இருக்கிறது, ஒட்டத்தக்க வாசகம் இருக்கிறது. இப்படி இரண்டே பத்திகள் கொண்ட கருத்து, நாற்பது பக்கக் கண்டன அறிக்கையை விட நல்லது என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். முழு வரைவுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. உங்களுக்குத் தெரிந்த வாழ்க்கையைத் தொடும் இரண்டு விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுறவு வங்கி ஊழியருக்கு ஒன்று தெரியும், இ-சேவை மையம் நடத்துபவருக்கு வேறொன்று தெரியும். தில்லியில் கருத்தரங்கு நடத்துபவர்களுக்கு இரண்டுமே தெரியாமல் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: உதாரணத்துக்கு நிஜ மனிதரின் பெயர், ஊர், பள்ளி சேர்த்து எழுதாதீர்கள். தனியுரிமைக்காக எழுதும் கருத்தில் ஒருவரின் தனியுரிமையைக் கிழித்துப் போடுவது நன்றாக இராது.

அனுப்பும்போது

மத்திய அரசு மக்கள் கருத்தைக் கேட்கும் மைகவ் தளத்தில் கேட்டிருந்தால், ஒவ்வொரு விதிக்கும் தனிப் பெட்டி இருக்கும். வேறொரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஒட்டுங்கள். நேரடியாக அங்கே தட்டினால் பாதியில் வெளியேற்றிவிடும், எழுதியது போய்விடும். அனுப்பிய பின் வரும் திரையைப் படமெடுத்து வையுங்கள். மின்னஞ்சலில் கேட்டிருந்தால் பொருள் வரியில் வரைவின் பெயரும் விதி எண்களும் இருக்கட்டும். இணைப்பாக வேர்டு கோப்பும் பி.டி.எஃப்.பும் அனுப்புங்கள். காகிதத்தில் எழுதி ஸ்கேன் செய்த படத்திலிருந்து யாரும் வாசகத்தை வெட்டி ஒட்ட முடியாது.

முதல் பத்தியில் நீங்கள் யார் என்று இரண்டு வரி. ‘பன்னிரண்டு ஆண்டுகளாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன்’ என்பதே ஒரு தகுதிதான். கருத்துக்குள் கைப்பேசி எண், வீட்டு முகவரி, ஆதார் எண் எதையும் போட வேண்டாம். 2015இல் டிராய்க்கு வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை, அனுப்பியவர்களின் முகவரியோடு ஏப்ரல் 27 அன்று அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார்கள். குப்பை அஞ்சல் அனுப்புபவர்களுக்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைத்திருக்காது.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. தரவுப் பாதுகாப்பு மசோதா, அதன் விதிகள் இரண்டின்போதும், வரும் கருத்துகளை யாருக்கும் வெளியிட மாட்டோம் என்று அமைச்சகம் அறிவித்தது. அப்படியானால் உங்கள் கருத்தை நீங்களே பொதுவெளியில், தேதியோடு வெளியிட்டுவிடுங்கள். நாளைக்கு ‘இப்படி யாரும் சொல்லவில்லையே’ என்று வந்தால் காட்டுவதற்கு.

வார்ப்புருக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. 2015 ஏப்ரலில் பத்து லட்சம் மின்னஞ்சல் போனதற்குக் காரணம், 118 பக்கத் தாளின் 20 கேள்விகளுக்கும் தன்னார்வலர்கள் ஒரு பதில் வரைவைத் தயாரித்து, மக்கள் திருத்தி அனுப்பும்படி வைத்ததுதான். அதில் கேள்விகளுக்குப் பதில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாகப் பயனர்களை ஒரு கடிதத்தை அனுப்பவைத்தது. லட்சக்கணக்கில் போயின. டிராய் கேட்டிருந்தது நான்கே நான்கு கேள்வி. அந்தக் கடிதம் அவற்றுக்குப் பதிலே சொல்லவில்லை. டிராய் அதை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. முடிவும் ஃபேஸ்புக் விரும்பியபடி வரவில்லை. எண்ணிக்கை வேண்டுமானால் வார்ப்புரு பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பத்தி ஒன்றைச் சேர்க்கும்படி இடம் விடுங்கள்.

டிராயில் இரண்டாம் சுற்று

டிராய் பொதுவாகக் கருத்துக்கு நான்கு வாரம், மற்றவர்களின் கருத்துகளுக்குப் பதிலாக எழுதும் எதிர்க்கருத்துக்கு இரண்டு வாரம் தருகிறது. வந்த கருத்துகளைத் தளத்தில் ஏற்றிவிடும். பலர் முதல் சுற்றோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான சண்டை இரண்டாம் சுற்றில்தான். கம்பெனிகளும் செல்லுலார் ஆபரேட்டர்கள் சங்கமும் என்ன எழுதியிருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும். அவற்றில் ஒரு வாதத்தை, ஒரு எண்ணை, பக்க எண்ணோடு எடுத்து மறுத்து எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். அதன் பிறகு திறந்தவெளிக் கலந்துரையாடல் ஒன்று நடக்கும். அங்கே உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். எழுதியதையே சுருக்கிச் சொல்லத் தயாராகப் போங்கள்.

பதில் வராவிட்டாலும் எழுதியது வீண் இல்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டால் ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று வரை இழப்பீடு என்று டிராய் போட்ட ஒழுங்குமுறையை 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எழுப்பப்பட்ட ஆட்சேபங்களுக்குக் காரணத்தோடு பதில் சொல்லாததும், வெளிப்படையாக நடக்க வேண்டும் என்ற சட்டக் கடமையும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டன. அந்த வழக்கில் ஜெயித்தது கம்பெனிகள்தான், வாடிக்கையாளர் இல்லை. கருவி யார் கையில் இருந்தாலும் வெட்டும்.

காகிதம் கேட்பது: தகவல் அறியும் உரிமை

சில நேரம் வரைவே வெளிவராது. 2024இல் ஒலிபரப்பு மசோதாவின் திருத்திய வடிவத்தைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், யாருடைய பிரதி என்று கண்டுபிடிக்கும்படி நீர்க்குறி போட்டுக் கொடுத்தார்கள் என்று செய்தி வந்தது; எதிர்ப்பு எழுந்ததும் ஆகஸ்டில் அது பின்வாங்கப்பட்டது. இன்னும் சில நேரம் வரைவில் இல்லாதது இறுதி விதியில் இருக்கும். 2018 டிசம்பர் 24 அன்று வந்த, சமூக ஊடகம் போன்ற இடைநிலை நிறுவனங்கள் பற்றிய வரைவில் செய்தித் தளங்கள் பற்றிய பகுதியே கிடையாது. 2021 பிப்ரவரி 25 அன்று வந்த இறுதி விதிகளில் அது தனிப் பாகமாக முளைத்திருந்தது.

இப்படிப்பட்ட நேரத்துக்கு ஆர்.டி.ஐ. கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். மத்திய அலுவலகங்களுக்கு இணையவழி கட்டலாம், விண்ணப்பம் 3,000 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றாலோ தமிழில் என்றாலோ பி.டி.எஃப். ஆக இணைத்துவிடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது பதிவேட்டில் உள்ள தகவலை, விளக்கத்தை அல்ல. இப்படிக் கேளுங்கள்: ‘இன்ன தேதிய வரைவின் மீது பெறப்பட்ட கருத்துகளின் எண்ணிக்கை, அவற்றின் சுருக்கக் குறிப்பின் நகல், இது தொடர்பாக நடந்த கூட்டங்களின் தேதி, கலந்துகொண்டோர் பட்டியல், நடவடிக்கைக் குறிப்பு, கோப்புக் குறிப்புகளின் நகல்.’ ஒரு விண்ணப்பத்தில் ஒரு பொருள். அமைச்சரவைக் காகிதம் என்று 8(1)(ஐ) பிரிவைக் காட்டி மறுத்தால், முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு அவற்றை வெளியிட வேண்டும் என்று அதே பிரிவே சொல்வதை மேல்முறையீட்டில் எழுதுங்கள். முக்கியக் கொள்கை வகுக்கும்போது தொடர்புடைய எல்லா விவரங்களையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்ற 4(1)(சி) பிரிவும் உங்கள் பக்கம். இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு மட்டும் அனுப்பிப் பயனில்லை. 2023 நவம்பரில் அதைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

உள்ளூரிலேயே இதைப் பழகிப் பார்க்க நல்ல இடம் இணைய முடக்கம். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல் வந்த புதிய விதிகளிலும் அது இருக்கிறது. ஒரு உத்தரவு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து நாளுக்குள் மறுஆய்வுக் குழு கூட வேண்டும். உங்கள் ஊரில் முடக்கம் நடந்தால் முதலில் அரசுத் தளத்தில் உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தலைமைச் செயலகத்தில் உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். உத்தரவின் நகலையும் மறுஆய்வுக் குழுவின் முடிவின் நகலையும் தனித்தனி எண் போட்டுக் கேளுங்கள். உத்தரவைக் கொடுத்துவிட்டு மறுஆய்வைப் பற்றி வாய் திறக்காத பதில் வந்தால், குழு கூடியதா என்ற சந்தேகத்துக்கு அதுவே முதல் ஆதாரம்.

எம்.பி. வழியாக

தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். தொகுதி எம்.பி. அலுவலகத்துக்கு ‘இந்த அநியாயத்தைத் தட்டிக்கேளுங்கள்’ என்று எழுதினால் நன்றிக் கடிதம் வரும். தயாரான கேள்வி எழுதிக் கொடுத்தால் சபைக்குப் போக வாய்ப்புண்டு. கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவை. ஆகவே கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த வாரமே அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். நமக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் அது நிரந்தர ஆவணம். அ, ஆ, இ என்று மூன்று உட்கேள்வி போதும். எண்ணிக்கை, தேதி, எடுத்த நடவடிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள்.

மசோதா நிலைக்குழுவுக்கோ கூட்டுக்குழுவுக்கோ போனால், செயலகம் விளம்பரம் கொடுத்துக் கருத்துக் குறிப்புகளைக் கேட்கும். நேரில் பேச விருப்பம் இருந்தால் அந்தக் குறிப்பிலேயே எழுத வேண்டும். பிறகு கேட்டால் நடக்காது. 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவைப் பரிசீலித்த கூட்டுக்குழு 2021 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 81 திருத்தங்கள். 2022 ஆகஸ்டில் அரசு அந்த மசோதாவையே திரும்பப் பெற்றுவிட்டது. பொறுமை தேவைப்படும் வேலை இது.

விதி அரசிதழில் வந்த பிறகு

வரைவையும் இறுதி விதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாறியது, மாறாதது, புதிதாக நுழைந்தது என்று மூன்று பத்திகளில் குறியுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இரு அவைகளும் ஒப்புக்கொண்டால் திருத்தலாம், நீக்கலாம். 2012இல் மாநிலங்களவையில் பி. ராஜீவ் 2011ஆம் ஆண்டு விதிகளை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றது, ஆனால் அந்த விவாதத்தால் விதிகளின் ஓட்டைகள் அவைக் குறிப்பில் ஏறின. இத்தகைய விதிகளை ஆராயும் நாடாளுமன்றத்தின் துணைநிலைச் சட்டக் குழுவுக்கும் தனியாக மனு அனுப்பலாம். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

வழக்கு கடைசிப் படி. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ அரசமைப்பின் 226ஆம் பிரிவின்படி போகலாம். 2021 விதிகளை எதிர்த்துச் சென்னையில் வழக்குகள் வந்தன. செய்தித் தளங்கள் மீதான ஒரு பகுதிக்கு மும்பை உயர் நீதிமன்றம் விதித்த தடை நாடு முழுவதும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் சொன்னது. நீங்கள் தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை. இண்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன், எஸ்.எஃப்.எல்.சி. போன்ற அமைப்புகள் இந்த வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. சென்னையில் தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இருக்கிறது. வக்கீல் முதலில் கேட்பது காகிதங்களைத்தான்: வரைவின் பிரதி, நீங்கள் அனுப்பிய கருத்து, அனுப்பியதற்குச் சான்றாக எடுத்த திரையின் படம், ஆர்.டி.ஐ. விண்ணப்பமும் பதிலும், எம்.பி. கேள்விக்கு வந்த விடை. இவை தேதிவாரியாக ஒரே உறையில் இருக்கட்டும். உறையின் மேல் அரசிதழ் அறிவிக்கை எண்ணை எழுதிவிடுங்கள். பிற்பாடு எல்லோரும் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.